மைதானத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் நுழைவாயில் வரலாறு

சென்ற மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு விளையாட்டு ஒதுக்கீட்டில் நம் கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழகக் கபடி அணி வரை சென்றவர். இப்போது லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார்.

“ஐயா, எம் பொண்ணு ஒன்பதாவது படிக்குறா. உயரம் தாண்டுறதுல மாவட்டத்துல முதலா வந்திருக்கா. அமெரிக்காவுல காலேஜுக்கு விளையாடுனா படிப்பே இலவசம்ங்குறாங்க. அதுக்கு இப்பவே என்ன செய்யணும்னு விசாரிச்சுச் சொல்லுங்கய்யா” என்றார். சற்று நிறுத்தி, “என்னைய மாதிரி ஆயிடக் கூடாதுங்கய்யா” என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. அவர் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். மூன்றாண்டுகளில் அவர் வகுப்பில் அமர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையும் மாலையும் பயிற்சி. இடையில் போட்டிகள், பயணங்கள். வருகைப் பதிவேட்டில் ‘ஆன் டூட்டி’ என்று குறித்துக் கையொப்பமிட்டோம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் தாராளமாகவே வழங்கினோம். கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அல்லவா! மூன்றாம் ஆண்டின் இறுதியில் முழங்கால் தசைநார் அறுந்தது. பட்டம் கிடைத்தது, ஆனால் போட்டித் தேர்வு ஒன்றிலேனும் அவரால் தேற முடியவில்லை. ஒரு பத்தியைப் பிழையின்றி எழுதும் பயிற்சியை நாம் அவருக்குத் தரவேயில்லை. அன்று அதைக் கருணை என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

மகளுக்காக அவர் கேட்ட வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அது ஒரு படிவத்திலோ பட்டியலிலோ அடங்குவதன்று என்பதைக் கண்டோம். பள்ளியில் விளையாடும் பிள்ளை கல்லூரி விளையாட்டுக்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்ற வினாவுக்கு அமெரிக்கா ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை சொல்லி வந்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றையே ஈண்டு எழுத முயல்கிறோம்.

ஏரிக்கரையில் ஒரு தொடக்கம்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் விளையாட்டுப் போட்டி ஒரு படகுப் போட்டி. 1852 ஆகஸ்டு 3ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டு மாணவரும் யேல் மாணவரும் துடுப்பு வலித்தனர். ஹார்வர்டு வென்றது. இதற்கு ஏற்பாடு செய்தது எந்தக் கல்லூரியும் அன்று. ஓர் இரயில் நிறுவனம். ஏரிப் பகுதிக்குப் பயணிகளை ஈர்க்கும் பொருட்டு மாணவர்களின் செலவையெல்லாம் அதுவே ஏற்றுக்கொண்டது.

1855இல் இவ்விரு கல்லூரிகளும் மறுபடி மோதின. அப்போது ஹார்வர்டு படகில் சுக்கான் பிடித்தவர் முன்பே பட்டம் பெற்று வெளியேறியவர் என்று சர்ச்சை எழுந்தது. ஆக, முதற்போட்டியிலேயே வணிகம் வந்துவிட்டது. இரண்டாம் போட்டியிலேயே ‘இவர் மாணவர்தாமா?’ என்ற ஐயம் வந்துவிட்டது. அதன் பின்னர் வந்த நூற்றெழுபது ஆண்டு வரலாறும் இவ்விரண்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

1869 நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் பக்கத்துக்கு இருபத்தைந்து பேராக ஆடிய ஆட்டத்தை அமெரிக்கக் கால்பந்தின் தொடக்கமாகக் கொள்கின்றனர். ரட்கர்ஸ் 6–4 என வென்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இவ்விளையாட்டு பெருங்கூட்டத்தையும் பெரும்பணத்தையும் ஈட்டத் தொடங்கியது. கூடவே வீரர்களை விலைபேசும் வழக்கமும் வளர்ந்தது. 1904இல் யேல் அணியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோகன் வயது முதிர்ந்த மாணவர். அவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வசதியான விடுதி அறை உண்டு. கியூபாவுக்கு ஓர் உல்லாசப் பயணம் உண்டு. யேல் வளாகத்தில் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சிகரெட்டுகள் விற்றால் அவருக்குத் தரகும் உண்டு. ஹென்றி பீச் நீதம் என்ற இதழாளர் 1905இல் மெக்ளூர்ஸ் இதழில் இவற்றையெல்லாம் எழுதினார்.

அக்காலத்தில் பள்ளிப் பிள்ளை செய்ய வேண்டியிருந்த ஆயத்தம் ஒன்றே: உடலை வளர்ப்பது. மற்றவற்றைக் கல்லூரியின் பழைய மாணவர்களும் செல்வந்தர்களும் பார்த்துக்கொண்டனர்.

மரணங்கள் எழுதிய சட்டம்

1905ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவத்தில் 18 பேர் ஆட்டக்களத்தில் பட்ட காயங்களால் மாண்டதாகச் சிகாகோ டிரிபியூன் நாளேடு கணக்கிட்டது. அவர்களுள் கல்லூரி ஆட்டக்காரர் சிலரே. பள்ளிச் சிறுவரே மிகுதி. கல்லூரி ஆட்டத்தைப் பார்த்து, அதற்காகத் தம்மை ஆயத்தம் செய்துகொண்ட சிறுவர்கள் அவர்கள். இந்தச் செய்தியை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தோம்.

அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். நவம்பர் 25ஆம் நாள் நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஆடிய யூனியன் கல்லூரி மாணவர் ஹெரால்டு மூர் இறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத் தலைவர் ஹென்றி மெக்கிராக்கன் பிற கல்லூரிகளைக் கூட்டினார். டிசம்பர் 28இல் 62 நிறுவனங்கள் கூடின. 1906 மார்ச்சு 31இல் ஒரு சங்கம் முறையாக உருவாயிற்று. 1910 முதல் அதன் பெயர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், என்.சி.ஏ.ஏ. என்று உலகம் அறிந்தது அதுவே.

அச்சங்கத்தின் முதல் விதிகளிலேயே, விளையாட்டுத் திறனுக்காக மாணவனுக்குப் பணமோ சலுகையோ தரக் கூடாது என்ற தடை இருந்தது. அதே 1906இல், பின்னாளில் ‘பிக் டென்’ எனப் பெயர் பெற்ற மத்திய மேற்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, முதலாண்டு மாணவர் கல்லூரி அணியில் ஆடக் கூடாது என விதித்தது. வந்தவுடன் மைதானத்துக்கு ஓடாதே. முதலில் ஓராண்டு படி என்பதே அதன் கருத்து. எளிமையான விதிதான். ஆயினும் இவ்வரலாற்றில் மாணவனை மாணவனாக மதித்த விதிகள் சிலவற்றுள் அதுவும் ஒன்று என்பது நம் எண்ணம். 1972இல் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் என்.சி.ஏ.ஏ. அதைக் கைவிட்டது.

விதி ஒரு பக்கம், வழக்கம் மறுபக்கம். 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஹோவர்டு சாவேஜ் தலைமையில் உருவான அவ்வறிக்கை, 112 கல்லூரிகளுள் 81 ஏதேனும் ஒரு வகையில் வீரர்களுக்குப் பொருளுதவி செய்து ஆள்பிடிப்பதாகக் கூறியது. 1948இல் ‘நேர்மை விதிகள்’ கொணர்ந்து இதைத் தடுக்க முயன்றனர். விதியை மீறிய ஏழு கல்லூரிகளை 1950இல் விலக்க முனைந்தபோது வாக்கு போதவில்லை. 1951இல் விதிகளே விலக்கப்பட்டன. 1956இல் விளையாட்டுத் திறனுக்கென்றே முழு உதவித்தொகை தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. ஏற்றுக்கொண்டது. ஐம்பதாண்டுகளுக்கு முன் தடுக்கப்பட்டது அன்று முறையாயிற்று. உதவித்தொகை வந்தபின், ‘யாருக்குத் தருவது?’ என்ற வினாவும் பின்தொடர்ந்தது. நுழைவாயிலுக்குக் கதவு பூட்டத் தொடங்கியது அப்போதுதான்.

கதவும் அளவுகோலும்

1965இல் வந்த ‘1.600 விதி’ முதல் கதவு. பள்ளி மதிப்பெண்ணையும் பொதுத் தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு ஒரு மாணவன் கல்லூரியில் எவ்வளவு எடுப்பான் என்று முன்கூட்டியே கணிப்பார்கள், நான்குக்கு 1.6 புள்ளியாவது வரும் என்று கணிக்கப்பட்டால்தான் உதவித்தொகை. 1973இல் இதையும் நீக்கினர். பள்ளியில் எந்தப் பாடமாயினும் சராசரி 2.0 இருந்தால் போதும் என்றனர். அதே ஆண்டில் உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறையும் வந்தது. காயமுற்றவனை, சோபிக்காதவனை அடுத்த ஆண்டு விட்டுவிட இது வழிசெய்தது. ஒன்று, இரண்டு, மூன்று எனக் கல்லூரிகளைப் பிரிவுகளாக வகுத்ததும் 1973இல்தான்.

எளிதாக்கிய கதவின் வழியே வந்தவர்கள் என்ன ஆனார்கள்? கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து வீரர் 1978இல் நெப்ராஸ்காவில் உள்ள கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1982இல் வெளியேறியபோது அவருடைய மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனுடையது. வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு மாணவனுடையது. இவை அவர் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் உள்ளவை. அதன்பின் சிகாகோவில் ஒரு தொடக்கப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றார். தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற டெக்ஸ்டர் மேன்லி, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆடியவர். 1989இல் மேலவைக் குழு ஒன்றின் முன் நின்று, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே அத்தனை ஆண்டுகள் கடந்துபோயின என்று கண்ணீருடன் சொன்னார்.

இவர்களை அடுத்த வகுப்புக்கு அனுப்பிய ஆசிரியர் யார்? இந்த இடத்தில் நாம் நம்மையே பார்க்க வேண்டியதாயிற்று. அப்படி அனுப்ப மறுத்த ஓர் ஆசிரியையின் பெயரும் வரலாற்றில் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

ஜான் கெம்ப் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். கல்வியில் பின்தங்கி வரும் மாணவருக்கான பிரிவில் பணி. 1981இல் அப்பிரிவின் ஆங்கிலப் பாடத்தில் தவறிய கால்பந்து வீரர் ஒன்பது பேரைத் தேறியவர்களாகக் காட்டி மேலே அனுப்பினர். அதனால் புத்தாண்டு நாளில் நடந்த சுகர் பவுல் ஆட்டத்தில் ஆடும் தகுதி அவர்களுக்குக் கிடைத்தது. கெம்ப் எதிர்த்தார், பதவி இழந்தார், நீதிமன்றம் சென்றார். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர், இப்பிள்ளைகளைப் படித்தவர் ஆக்க முடியாவிடினும் குப்பை அள்ளும் வேலைக்குப் பதில் அஞ்சலக வேலைக்காவது தகுதியாக்கலாமே என்ற பொருளில் வாதிட்டது நாடெங்கும் பேசப்பட்டது. 1986இல் நடுவர் குழு கெம்ப்பின் பக்கம் தீர்ப்பளித்து 25 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பின்னர் அது ஏறத்தாழ 11 லட்சம் டாலராகக் குறைந்து முடிந்தது. அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. 2008இல் அவர் மறைந்தார்.

கெம்ப் விளையாட்டுக்கு எதிரி அல்லர். அந்த மாணவர்களைத் தாம் மதிப்பதால்தான் தேர்ச்சி வழங்க மறுத்தார் என்பதை எண்ணும்போது, நாம் வழங்கிய தாராள மதிப்பெண் கருணையன்று, அலட்சியமே என்று தோன்றுகிறது.

நாற்பத்தெட்டாம் தீர்மானம்

இத்தகைய அவமானங்களுக்கிடையே 1983 சனவரியில் என்.சி.ஏ.ஏ. ‘48ஆம் தீர்மான’த்தை நிறைவேற்றியது. 1986இல் அது நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரி வேண்டும், அத்துடன் எஸ்.ஏ.டி. தேர்வில் 700 அல்லது ஏ.சி.டி. தேர்வில் 15 எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் முதலாண்டில் ஆடவும் முடியாது, பயிற்சி பெறவும் முடியாது.

கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரிகளின் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ஏழைப் பள்ளிகளில் அப்பாடங்களைக் கற்பிக்கவே ஆளில்லை. பொதுத் தேர்வோ வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதகமானது. பள்ளி செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா என்பது அவர்கள் வாதம். 1989 சனவரியில் ‘42ஆம் தீர்மானம்’ வந்தது. தகுதி பெறாதவருக்கு முதலாண்டில் விளையாட்டு உதவித்தொகையும் இல்லை என்றது அது. சனவரி 14ஆம் நாள் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன் ஆட்டம் தொடங்கும் வேளையில் அரங்கைவிட்டு வெளிநடப்புச் செய்தார். ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வாயிலையும் அடைக்கிறார்கள் என்பது அவர் சினம். மறு ஆண்டே அத்தீர்மானத்தைத் தளர்த்தினர்.

எதிரணியிலும் ஒரு கறுப்பினப் பெருமகன் நின்றார்: டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ். விளையாட்டு உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1975இல் விம்பிள்டன் வென்றவர். 1977 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் கறுப்பினப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் அதே ஆர்வத்துடன் நூலகத்துக்கும் அனுப்புங்கள்; ஆயிரத்தில் ஒருவருக்கும் வாய்க்காத தொழில்முறை வாழ்வை நம்பி எல்லாரையும் அதற்கே வளர்க்காதீர்கள் என்பது அம்மடலின் சாரம். தகுதி வரம்பை உயர்த்தினால் பிள்ளைகள் அதை எட்டுவார்கள். எட்டமாட்டார்கள் என்று எண்ணுவதே அவர்களை இழிவுபடுத்துவது என்று அவர் கருதினார்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? நமக்கு இருவரும் சரியாகவே படுகின்றனர். தாம்ஸன் பார்த்தது இன்று வாயிலில் நிற்கும் பிள்ளையை. ஆஷ் பார்த்தது பத்தாண்டு கழித்து அப்பிள்ளை நிற்கப்போகும் இடத்தை. நம் மாணவரைச் சேர்த்துக்கொண்டபோது நாம் தாம்ஸனைப் போல் நடந்தோம், அது தவறன்று. சேர்த்துக்கொண்ட பின் ஆஷைப் போல் நடந்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறினோம்.

இந்த வாயிலில் நிற்பது ஒரு பிள்ளைக்கு எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்புவோர் 1994இல் வெளிவந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்தைப் பார்க்கலாம். சிகாகோவின் வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரு கறுப்பினச் சிறுவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த படம். ஏ.சி.டி. மதிப்பெண் ஒன்றுக்காகக் கேட்ஸ் மீண்டும் மீண்டும் தேர்வெழுதும் காட்சிகளில் ஆட்டக்களத்தைவிட மிகுந்த பதற்றம் இருக்கிறது. முழங்கால் காயத்துக்குப் பின் அவர் மார்க்கெட் பல்கலைக்கழகம் சென்றார். ஏஜி ஈராண்டுக் கல்லூரி ஒன்றின் வழியாக ஆர்க்கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். இருவரும் தொழில்முறை உச்சியாகிய என்.பி.ஏ.வில் ஆடவில்லை.

அதன் பின்னரும் அளவுகோல் மாறிக்கொண்டேயிருந்தது. 1996இல் பாடங்கள் 13 ஆயின. பிலடெல்பியாவின் கறுப்பின ஓட்டவீரர்கள் தொடுத்த வழக்கில் 1999 மார்ச்சில் ஒரு நீதிமன்றம் தேர்வு வரம்பைச் செல்லாது என்றது. அதே ஆண்டு இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2003இல் பள்ளி மதிப்பெண் உயர்ந்தால் தேர்வு மதிப்பெண் தாழலாம் என்னும் படிநிலை முறை விரிந்தது. 2008இல் பாடங்கள் 16 ஆயின. 2023 சனவரியில் பொதுத் தேர்வு நிபந்தனையையே என்.சி.ஏ.ஏ. நீக்கிவிட்டது. நாற்பதாண்டுச் சண்டையின் முடிவில் எஞ்சி நின்றது பள்ளியில் நான்காண்டுகள் பிள்ளை என்ன படித்தது என்பது மட்டுமே.

மகள்களின் வாயில்

மேலே சொன்ன வரலாற்றில் பெண்கள் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 1972 சூன் 23இல் கையெழுத்தான ‘ஒன்பதாம் தலைப்பு’ச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின வேறுபாடு காட்டுவதைத் தடுத்தது. 1971–72இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவியர் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மிகுதி. என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கெனச் சாம்பியன் போட்டிகளை நடத்தத் தொடங்கியது 1981–82இல்தான். நம் மாணவரின் மகள் இன்று இக்கனவைக் காண்பதற்கு அச்சட்டமும் ஒரு காரணம்.

இந்தியருக்கும் இவ்வாயில் புதிதன்று. மும்முறை தாண்டும் வீரர் மொகிந்தர் சிங் கில் 1970களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவில் படித்து என்.சி.ஏ.ஏ. வாகை சூடினார். வட்டெறியும் விகாஸ் கௌடா 2006இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்காக வென்றார். சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே 2007, 2008 ஆகிய ஈராண்டுகளிலும் ஒற்றையர் பட்டம் பெற்றார். 2007 இறுதியாட்டத்தில் அவர் வென்றது ஜான் இஸ்னரை. நம் மாணவரின் மகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் தேஜஸ்வின் சங்கர். தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் பயின்று 2018, 2022 ஆண்டுகளில் உயரம் தாண்டுதலில் என்.சி.ஏ.ஏ. வெற்றி கண்டவர். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் பெற்றார்.

நாம் எழுதி அனுப்பிய விடை

இவற்றையெல்லாம் படித்தபின் நம் மாணவருக்கு ஒரு மடல் எழுதினோம். அதன் சுருக்கம் பிறருக்கும் பயன்படலாம்.

ஒன்று. ஆயத்தம் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில், பன்னிரண்டில் அன்று. முதற்பிரிவுக் கல்லூரிகளுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, எஞ்சியவை இவற்றோடு சேர்ந்தவையும் பிற மொழி போன்றவையும். அமெரிக்க மாணவராயின் இறுதியாண்டு தொடங்குமுன் பத்துப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். சராசரி 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2. வெளிநாட்டு மாணவரின் மதிப்பெண்களையும் என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆராயும். ஆகவே மதிப்பெண் பட்டியல் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துக.

இரண்டு. ‘படிப்பே இலவசம்’ என்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தாது. அமெரிக்கப் பள்ளிகளில் விளையாடுவோர் ஏறத்தாழ 80 லட்சம், என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளில் ஆடுவோர் 5 லட்சத்துக்குச் சற்று மேல். பள்ளி வீரர்களுள் விளையாட்டு உதவித்தொகை பெறுவோர் நூற்றுக்கு இருவர் அளவே. தடகளத்தில் அதுவும் பெரும்பாலும் பகுதித் தொகை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே இல்லை. ஆனால் கல்வித் திறனுக்கு உண்டு. எனவே படிப்பில் சிறந்த வீராங்கனைக்கு இரண்டு வாயில்கள்; விளையாட்டில் மட்டும் சிறந்தவருக்கு ஒன்றே.

மூன்று. பயிற்சியாளர்கள் தேடி வருவார்கள் என்று காத்திருக்கலாகாது. முதற்பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த சூன் 15 முதல்தான் பயிற்சியாளர் மாணவருடன் நேரடியாகப் பேசலாம். அதற்குள் தாண்டிய உயரங்கள், போட்டிச் சான்றுகள், காணொளி ஆகியவை ஒழுங்காக இருக்க வேண்டும். கடிதத்தை அவளே எழுத வேண்டும். முகவர் எழுதுவது வேண்டா. பள்ளி முடித்தபின் ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் மட்டும் கழித்தால் கல்லூரியில் ஆடும் காலம் குறையக்கூடும்.

நான்கு. காலம் மாறியிருக்கிறது. 2021 சூன் 21இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சூலை 1 முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்றாயிற்று. 2025 சூன் 6இல் ஏற்கப்பட்ட வழக்குத் தீர்வின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025–26ஆம் கல்வியாண்டில் தன் வீரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். இரயில் நிறுவனத்தின் பணத்தில் தொடங்கியது கடைசியில் தன்னைப் பணமென்றே ஒப்புக்கொண்டது எனலாம். ஆனால் இப்பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செல்வது, உயரம் தாண்டுபவருக்கன்று. மாணவர் விசாவில் வருவோர்க்கு வேலைக் கட்டுப்பாடுகளும் உண்டு. இதை நம்பிக் கணக்குப் போடலாகாது.

ஐந்தாவதாக ஒன்றை எழுதத் தயங்கிப் பின் எழுதினோம். முழங்கால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். அன்று அவள் கையில் என்ன இருக்கும் என்பதையும் இன்றே எண்ண வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததே. உங்கள் விஷயத்தில் நாம் அதை எண்ணவில்லை. அதற்காக வருந்துகிறோம்.

மூன்று நாள் கழித்து அவர் அழைத்தார். வருத்தத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “பாப்பா தினமும் ஒரு பக்கம் எழுதட்டுங்களாய்யா? உங்களுக்கு அனுப்புனா பாத்துத் தருவீங்களா?” என்று மட்டும் கேட்டார். அனுப்பச் சொன்னோம்.

முதற்பக்கம் நேற்று வந்தது. தாண்டுகோலுக்கு முன் நிற்கும்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்று எழுதியிருந்தாள். பதினோரு பிழைகள். ஒவ்வொன்றையும் திருத்தி, ஏன் பிழை என்று அருகில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.